தொண்டையில் ஒரு குட்டித் திராட்சை

1

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் கதை இன்னும் கேவலமாக இருக்கும். ‘ர’ என்ற எழுத்தை ஒழுங்காக உச்சரிப்பதற்காக, பின்பக்கம் வைக்கிற மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்குப் போனவன் நான். அதுவும் அறுபது வயதில். அதுவும் சனிக்கிழமை காலையில், ஊரே மருந்துக் கடையில் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார்: “உங்கள் செப்ஃப்ஷென் வேலையே செய்வதில்லை. அதை வைத்துக் காலையும் மாலையும் பயிற்சி செய்யுங்கள். கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.” செப்ஃப்ஷென் என்பது எனக்குத் தெரிந்த சொல்தான். என் மகள் அனிதா கைக்குழந்தையாக இருந்தபோது, காய்ச்சல் அடித்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். வாயில் போடுகிறதில்லை அது. ‘ர’வுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, வெள்ளைக்காரன் விஞ்ஞானம், எதை எங்கே வைத்தால் எது எங்கே சரியாகும் என்று அவனுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

“செப்ஃப்ஷென் வேணும்” என்றேன் கடைக்காரம்மாவிடம்.

“குழந்தைக்கா, பெரியவருக்கா?”

“எனக்குத்தான்.”

“காய்ச்சலா, மலச்சிக்கலா?”

“‘ர’வுக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “எதற்கு?”

“ர. ரைன் நதியில் வருகிற ர. காலையும் மாலையும், தண்ணீரோடு.”

“இதைத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது வாய் வழியாகப் போவதே இல்லை.”

“தெரியும். ஆனா அங்கேருந்து வாய்க்கு எப்படி வந்து சேரும்?”

எனக்குப் பின்னால் நின்றவருக்கு இருமல் வந்துவிட்டது. வியாதியால் வந்த இருமல் இல்லை அது. கடைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் வாயைப் பெரிதாகத் திறந்து, தொண்டைக்குள்ளே விரலைக் காட்டினார். அண்ணத்தின் கடைசியில் ஒரு சதைத் துணுக்கு தொங்குகிறதே, நம்மூரில் உள்நாக்கு என்போமே, அது. ஜெர்மன்காரன் அதற்கும் செப்ஃப்ஷென் என்றுதான் பெயர் வைத்திருக்கிறான். மேலே தொங்குகிறதற்கும் கீழே வைக்கிறதற்கும் ஒரே பெயர்!

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். உடம்பைப் பற்றி எதைச் சொன்னாலும் முகம் மாறாதவள். அன்றைக்கு மாறியது.

“நல்லவேளை, வாங்கிட்டு வரலீங்க. கேக்காம வச்சிருந்தீங்கன்னா?”

“ஒருவேளை ‘ர’ வந்திருக்கும்.”

“சத்தம் வந்திருக்கும். ஆனா அது ‘ர’வா இருந்திருக்காது.”

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள், இத்தனை காலம் ஜெர்மனியில் குப்பை கொட்டியவனுக்கு அறுபது வயதில் எதற்கு இந்த ‘ர’ பைத்தியம் என்று. எல்லாம் என் பேத்தியால் வந்தது.

நான் வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, டிராக்டர் பயிற்சிக்கு என்று இங்கே வந்தவன். இப்போது இருப்பது திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கிறேன். சேற்றில் உழுகிற டிராக்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, மலைச் சரிவில் இரண்டு கொடி வரிசைக்கு நடுவே ஒல்லியாக நுழைந்து போகிற டிராக்டரைப் பார்த்தால் இன்னும் சிரிப்புதான் வரும். பட்டினி கிடந்த டிராக்டர் மாதிரி இருக்கும்.

என் பெயர் ரவி. இங்கே யாருக்கும் அது வராது. இவர்களுடைய ‘ர’ நாக்கு நுனியில் பிறப்பதில்லை, தொண்டையில் பிறக்கிறது. வாய் கொப்பளிப்பதற்கும் கோபித்துக்கொள்வதற்கும் நடுவில் ஒரு சத்தம். அதனால் நான் ‘ஹாவி’. காதில் விழும்போது ‘ஆவி’. வந்த நாளிலிருந்து இந்த ஊரில் நான் ஆவியாகத்தான் அலைகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சம்பளம் ஆவிக்கும் ஒழுங்காக வருகிறது.

என் மகள் அனிதா இங்கேயே பிறந்தவள். யோனாஸ் என்று ஒரு நல்ல பையனைக் கட்டிக்கொண்டாள். அவளும் தமிழ் பேசுவாள், ஆனால் “அப்பா, ஹசம் ஊத்தட்டுமா?” என்றுதான் கேட்பாள். ரசம் ஹசமானாலும் புளிப்பு குறையவில்லை என்று நானும் குடித்துவிடுவேன். குழந்தை பிறந்தபோது, என்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று, யோசிக்காமல் அவள் வைத்த பெயர் காவேரி.

பதிவு அலுவலகத்தில் அதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது. இது பெயர்தானா, பெண்ணுக்கு உரியதுதானா என்று அங்கே இருந்தவர் கேட்டார். “ஒரு ஆற்றின் பெயர்” என்று யோனாஸ் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். “ஆற்றின் பெயரையா குழந்தைக்கு வைக்கிறீர்கள்?” என்றார் அவர். நான் குறுக்கே புகுந்தேன். “ஐயா, எங்க பக்கம் ஒரு தெருவில நின்னு காவேரின்னு கூப்பிட்டா நாலு வீட்டிலேருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பாங்க. ஆம்பளைங்களும் சில பேர் எட்டிப் பார்ப்பாங்க.” கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆணா பெண்ணா என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஒருவழியாகப் பெயர் பதிவானது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயரைச் சொல்ல ஒரு ‘ர’ வேண்டும். இந்த ஊரில் அது கிடையாது.

3

காவேரிக்கு இப்போது ஐந்து வயது. அவள் வாயில் அவள் பெயர் ‘காவேஹி’. தகப்பன் வாயிலும் அதுதான், பள்ளிக்கூடத்திலும் அதுதான். ஆறு அணை கட்டித் தடுக்கப்படுவதைப் பற்றி எங்கள் ஜில்லாக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் என் சொந்தப் பேத்தியின் தொண்டையிலேயே ஒரு அணை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஜூனில் ஊருக்குப் போய் அவளுக்குக் காது குத்துவது என்று முடிவானது. தேதி குறித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஊரில் எல்லாரும் அவளைக் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும்: உன் பேரு என்ன? அவள் காவேஹி என்பாள். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் நின்று, தன் பெயரைச் சொன்னதற்குச் சிரிப்பு வாங்கினால் அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காமல் போய்விடுமே. எனக்கு அதுதான் பயம். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற என் அண்ணனிடம் போனில் வீறாப்பாக வேறு சொல்லிவைத்திருந்தேன்: “பாருங்கண்ணே, காது குத்துற அன்னைக்குப் பேரைச் சுத்தமா சொல்லுவா.”

அதற்காகத்தான் அவளைப் பேச்சுப் பயிற்சி அம்மாளிடம் கூட்டிப்போனேன். மல்லிகா வேலை பார்க்கிற இல்லத்துக்கு வந்துபோகிறவர். ஃபிராவ் லாங், நம்மூர்க் கணக்கில் லாங் அம்மாள். உட்காரவைத்துப் பத்துப் பன்னிரண்டு படங்களைக் காட்டிப் பேசச் சொன்னார். காவேரி அத்தனையும் கணீரென்று சொன்னாள்.

“இவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அருமையான ‘ர’” என்றார் ஃபிராவ் லாங்.

“அதுதான் குறையே” என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். “நீங்கள் ‘ரைன்’ என்று சொல்லுங்கள்.” சொன்னேன். “ரொட்டி?” ஜெர்மனில் சொன்னேன். “தெரு?” சொன்னேன். முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் நீங்கள் மேலே படித்த அந்த செப்ஃப்ஷென் வாக்கியம். பேத்தியை நோயாளியாகக் கூட்டிப்போனேன். திரும்பும்போது நோயாளி நான்.

4

மருந்துக் கடையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு, இந்த உள்நாக்கைச் சும்மா விடக் கூடாது என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. யாரைப் பார்த்தாலும் “உங்கள் பாஷையில் இதற்கு என்ன பெயர்?” என்று வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்தேன். இரண்டு பேர் எனக்கு நல்ல பல் டாக்டரின் விலாசம் கொடுத்தார்கள்.

அடுத்த முறை போனபோது ஃபிராவ் லாங்கே ஆரம்பித்துவைத்தார். இந்த ‘ர’வுக்கு ஒலியியலில் பெயர் ‘ஊவுலார்’. லத்தீனில் ஊவா என்றால் திராட்சை, ஊவுலா என்றால் குட்டித் திராட்சை. பழைய காலத்து வைத்தியர்கள் நோயாளியின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு திராட்சை தொங்கியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதையே ‘ஊயெத்’ என்றார்கள். அதற்கு முன்னால் அவர்கள் எப்போதும் போடுகிற ‘ல்’ நாளடைவில் ஒட்டிக்கொண்டு இப்போது ‘லுயெத்’ ஆகிவிட்டது. ஸ்பெயின்காரருக்கு அது ‘கம்பனீயா’, குட்டி மணி. மாதா கோயில் மணி ஓசையிலேயே வளர்ந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

எங்கள் கடைத்தெருவில் ஒரு கிரேக்கர் ஓட்டல் வைத்திருக்கிறார். அவரைக் கேட்டேன். “ஸ்தஃபிலி” என்றார். அப்படியென்றால்? “திராட்சைதான். ஆனால் அழுத்தம் மாறும். நடுவில் அழுத்தினால் தட்டில் இருப்பது, கடைசியில் அழுத்தினால் தொண்டையில் இருப்பது.” மாற்றி அழுத்திவிட்டால் சாப்பாட்டு மேஜையில் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவர் அப்போது கையில் கத்தி வைத்திருந்தார். மல்லிகாவிடம் சொன்னபோது அவள் அலட்டிக்கொள்ளாமல், “ஸ்டஃபிலோகாக்கஸ்னு ஒரு கிருமி இருக்கில்ல, இல்லத்துல வந்தா நாங்கல்லாம் கையுறை மாட்டிக்கிட்டு ஓடுவோமே, அதுவும் இந்தத் திராட்சைதாங்க. கொத்துக் கொத்தா இருக்கும்” என்றாள். அன்றிலிருந்து சங்கத்துத் தோட்டத்தில் பழம் பறித்துத் தின்பதைக் குறைத்துக்கொண்டேன்.

ஜெர்மன் பெயருக்கு என்ன அர்த்தம்? செப்ஃப்ஷென் என்றால் குட்டி சாப்ஃபன். சாப்ஃபன் என்றால் ஊசியிலை மரத்தின் காய், கூரையில் தொங்கும் பனிக்கூம்பு, பீப்பாயின் அடைப்பான். பீப்பாயிலிருந்து பீர் பிடிப்பதற்கும் அந்தச் சொல்லின் வினைதான், பெட்ரோல் பங்கில் நிற்கிற கம்பத்துக்கும் அந்தச் சொல்தான். ஆக பீர், பெட்ரோல், காய்ச்சல் மருந்து, ‘ர’ என்று நான்கையும் ஒரே அடைப்பானைத் திறந்து வாங்கிக்கொள்கிற சிக்கன ஜாதி இது.

கடைசியில் மாரெக்கிடம் வந்தேன். போலந்துக்காரன், என்னோடு ஒரே கொட்டகையில் வேலை பார்க்கிறவன். சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தவன் அங்கிருந்தே சொன்னான்: “யென்ஸிச்செக்.”

“அப்படின்னா?”

“குட்டி நாக்கு.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐரோப்பா முழுக்கத் திராட்சையும் மணியும் அடைப்பானும் தொங்கிக்கொண்டிருக்க, இங்கே ஒருவன் அதை நம்மைப் போலவே நாக்கு என்கிறான்! “டேய், எங்களுக்கும் நாக்குதான்டா! உள்ளே இருக்கிற நாக்கு!” என்று அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்துக் கை குலுக்கினேன். அப்போதுதான் இன்னொன்றும் கவனித்தேன். அவனுடைய ‘ர’வும் நாக்கு நுனியில்தான் உருள்கிறது. இத்தனை வருஷம் ஒரே கொட்டகையில் ஒரே ‘ர’வோடு இருந்திருக்கிறோம், ஒருவரை ஒருவர் ஜெர்மன் சரியாக வராதவன் என்று நினைத்துக்கொண்டு.

சின்ன வயதில் எனக்கு இருமல் நிற்காவிட்டால் “உள்நாக்கு விழுந்துடுச்சு” என்பாள் அம்மா. கரண்டிக் காம்பில் உப்பைத் தொட்டு உள்ளே விட்டு ஒரு தூக்கு. எனக்கு உயிர் போய் வரும், இருமல் பயந்து ஓடும். நம்மவர்கள் அதை நாக்கு என்றதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் பெயர் வைக்கிற வேலையை வலங்கைமான்காரனிடம் விட்டிருந்தால் மதகு என்று வைத்திருப்பான். தண்ணீர் போகிற வழிக்கு வாய்க்கால் என்று பெயர் வைத்த ஊர். வாய் இருக்கிறது, கால் இருக்கிறது, நடுவில் ஒரு மதகு தொங்கினால் குடியா முழுகிவிடும்?

5

காவேரியோடு ஒரு உடன்படிக்கை போட்டுக்கொண்டேன். நான் அவளுடைய ‘ர’வைக் கற்றுக்கொள்வது, அவள் என்னுடைய ‘ர’வைக் கற்றுக்கொள்வது. யார் முதலில் என்று போட்டி.

தினமும் குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்போம். அவள் முக்காலி மேல். வாயில் தண்ணீர், தலை அண்ணாந்து, கொப்பளிப்பு.

“தாத்தா, சிங்கம் மாதிரி. தண்ணி துப்பு. இப்போ தண்ணி இல்லாம சிங்கம்.”

“ஹ்ஹ்ஹ…”

“அது சிங்கம் இல்ல. அது நீ மாடி ஏறுற சத்தம்.”

அவள் முறை வரும்போது நான் நாக்கு நுனியை மேலே தொட்டும் தொடாமலும் வைக்கச் சொல்லிக்கொடுப்பேன். அவள் தொட்டால் ‘காவேடி’. தொடாவிட்டால் ‘காவேஹி’. வழுக்கினால் ‘காவேலி’. நடுவில் இருக்கிற அந்த ஒரு தட்டு மட்டும் வரவே இல்லை. அனிதா கதவைத் தட்டுவாள். “அப்பா, விடுங்கப்பா. அவ தூங்கணும். நீங்களும்தான்.”

போட்டியில் நான் ஜெயித்தேன். ஒரு காலை ரொட்டிக் கடையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், என் தொண்டையிலிருந்து ஒரு அசல் ஜெர்மன் ‘ர’ புறப்பட்டு வந்தது. எனக்கே பயமாகிவிட்டது. வருஷக்கணக்காக எனக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கிற பெண், “உடம்பு சரியில்லையா, ஹாவி?” என்று கேட்டாள். ஓடிவந்து பேத்தியின் முன்னால் நின்று “காவேஹி!” என்றேன். அவள் கை தட்டினாள். அப்புறம் உதடு பிதுங்கியது.

“எனக்கு இன்னும் உன்னோடது வரலையே, தாத்தா.”

பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம் அப்போது.

6

ஊரில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அணையைத் திறந்தாயிற்று, காது குத்துகிற தேதிக்குள் தண்ணீர் நம்ம வாய்க்காலுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்களாம். வரவில்லை. அண்ணன் போர்வெல் தண்ணீரில் நாற்று விட்டுவிட்டு, நடவுக்கு ஆற்றுத் தண்ணீருக்காகக் காத்திருந்தார். காது குத்து முடிகிறவரை அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அண்ணி தடை போட்டிருந்ததால், வாயை மூடிக்கொண்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயில் வாசலில் பந்தல். அண்ணன் மகன் செந்தில்தான் தாய்மாமன் முறை. அவன் மடியில் உட்கார்ந்து, யோனாஸ் கண்ணை மூடிக்கொள்ள, காவேரி இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே ஒரு அலறல் அலறினாள். அந்த அலறலில் எந்த மொழிக் குறையும் இல்லை. எல்லாம் முடிந்து மிட்டாய் கைக்கு வந்ததும், நான் பயந்த கேள்வி வந்தது. எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒரு பெரியவர்தான் கேட்டார்.

“தங்கத்துக்குப் பேரு என்ன?”

“காவேஹி.”

“காவேகியா? அது என்ன சாமி?”

சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். காவேரி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணை இறுக மூடி, குளியலறைப் பாடம் முழுவதையும் ஞாபகப்படுத்திக்கொண்டு, நாக்கைத் தூக்கி, மூச்சைப் பிடித்துச் சொன்னாள்:

“காவேலி!”

சித்தப்பா தொடையில் அடித்துக்கொண்டார். “கா வேலியா? அடேங்கப்பா! பேரிலேயே ஒன்றரை ஏக்கருக்கு மேல வச்சிருக்கே ஆத்தா! டேய் ரவி, உன் பேத்தி உன்னைவிட மிராசுதாருடா!”

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நில அளவில் வேலி என்பது பெரிய கணக்கு. கா வேலி என்றால் அதில் கால் பங்கு. பந்தலே சிரித்தது. யாரோ ஒரு அத்தை, “நஞ்சையா புஞ்சையா கேளுங்க” என்றாள். “எங்க செந்திலுக்கு ஒரு பையன் இருக்கான், நிலத்தோட கட்டிக்கிறோம்” என்றாள் இன்னொருத்தி. காவேரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் தன்னை ஏதோ பெரிய ஆளாக்கிவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

சிரித்த பிள்ளைகளை அவள் சும்மா விடவில்லை. அடிபம்புக்கு இழுத்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரே கொப்பளிப்பு. “சிங்கம் மாதிரி! தண்ணி துப்பு!” என்று அதட்டுகிறாள். எனக்கு அத்தனை பாடாக இருந்தது அந்தப் பிள்ளைகளுக்குச் சோற்று வேளைக்குள் வந்துவிட்டது. பந்தியில் ஒரு பயல் என்னிடம் “தாத்தா, ஹசம் வேணும்” என்றான். சாயங்காலம் தெருவே தொண்டையில் பேசியது. ராமு ஹாமுவானான், ராணி ஹாணியானாள். யோனாஸ் மட்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடி, “இங்கே எல்லாருக்கும் என் மொழி வருகிறதே” என்று ஆனந்தமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அவள் பெயர் அவளுக்கு இன்னும் பிடித்திருக்கிறது, அது போதும். ஆனாலும் அண்ணனிடம் வாய்விட்டவன் நான்தானே. வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“என்னண்ணே, இன்னைக்குள்ள வந்துடும்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேன். கடைசி வரைக்கும் காவேரி வரவே இல்ல பாருங்க, அவ வாய்ல.”

அண்ணன் காய்ந்த வாய்க்காலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“காவேரி என்னைக்குடா சொன்ன தேதிக்கு வந்துச்சு?”